முறைவழியாக்கியை மதிப்பிடுதல்

கணினி வாங்கக் கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் முதலிற் கேட்கும் கேள்வி, "இதன் வேகம் எவ்வளவு?" என்பதே. கடைக்காரரும் தயங்காது ஓர் எண்ணைச் சொல்லுவார். மூன்று கிகாஹேர்ட்ஸ் என்பார்; நான்கு கிகாஹேர்ட்ஸ் என்பார். பெரிய எண்ணுக்குப் பெரிய விலை என்பது உலக வழக்காதலால், கேட்டவரும் கையிலுள்ள பணத்துக்கு எட்டக்கூடிய மிகப் பெரிய எண்ணை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். சில மாதங்களின் பின், அயலார் ஒருவர் சிறிய எண்ணும் சிறிய விலையும் உடைய பெட்டியொன்றில் அதே வேலையை விரைவாகச் செய்து முடிப்பதைக் காணும்போதுதான், தாம் விலை கொடுத்து வாங்கியது எதனை என்ற ஐயம் அவருக்கு எழுகின்றது.

அந்த எண் பொய்யன்று. அஃது எதனை அளக்கின்றது என்பதிலேதான் மயக்கம். கணினியின் நடுவில் அமர்ந்து, கணக்கிடுதல், ஒப்பிடுதல், ஏனைய உறுப்புக்களை ஏவுதல் ஆகிய தொழில்களைச் செய்யும் சிறு சிலிக்கன் துண்டினையே பாடநூல்கள் முறைவழியாக்கி என்கின்றன. கடைவீதியில் அதன் பெயர் புரொசெசர். அதனுள்ளே இடையறாத துடிப்பொன்று உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் உறுப்புக்கள் ஒரு படி முன்னேறுகின்றன. செக்கனுக்கு நூறு கோடித் துடிப்பு ஒரு கிகாஹேர்ட்ஸ் ஆகும். ஆனால், ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடைபெறுகின்றது என்பதை அந்த எண் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே முன்னர் துலாவினால் நீர் இறைத்ததைக் கண்டவர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். ஒருவர் சிறிய பட்டையால் நிமிடத்துக்குப் பத்துத் தடவை இறைக்கிறார். மற்றவர் பெரிய பட்டையால் ஆறு தடவை இறைக்கிறார். பயிருக்குப் பாய்ந்த நீர் எவ்வளவு என்பதை அறிய வேண்டுமாயின், தடவையையும் பட்டையின் கொள்ளளவையும் பெருக்கிப் பார்த்தல் வேண்டும்.

இந்தப் பெருக்கலைப் புறக்கணித்தமையால் நேர்ந்த இழப்புக்குத் தக்க சான்று, நுகர்வோர் ஒருவரிடமன்று, முறைவழியாக்கி உற்பத்தியில் அக்காலத்தில் உலகின் முதலிடத்தில் இருந்த இன்ரெல் நிறுவனத்திடமே கிடைக்கின்றது. 1990களின் இறுதியில் இன்ரெலுக்கும் ஏ.எம்.டி. நிறுவனத்துக்கும் இடையே துடிப்பெண்ணை உயர்த்தும் போட்டி உச்சநிலையை அடைந்திருந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஏ.எம்.டி. தனது அத்லன் மூலம் ஒரு கிகாஹேர்ட்ஸ் எல்லையைத் தொட்டது. இன்ரெல் அதனைத் தொட்டது இரண்டே நாள் பிந்தி. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த பென்ரியம் 4 இந்தப் போட்டியை ஒரேயடியாக முடித்துவிடும் நோக்குடனேயே வகுக்கப்பட்டது எனலாம்.

அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. முறைவழியாக்கி ஓர் அறிவுறுத்தலை முழுதாகச் செய்து முடித்த பின்னரே அடுத்ததைத் தொடங்குவதில்லை. கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றி அனுப்புவதைப்போல, ஒரே தொழிலைப் பல கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றது. கட்டம் சிறிதாயின் அதற்கு வேண்டிய நேரமும் சிறிதாகும், துடிப்பை விரைவுபடுத்தலாம். பென்ரியம் 3இல் ஏறக்குறையப் பத்தாக இருந்த கட்டங்களைப் பென்ரியம் 4 இருபதாக்கியது. 2004ஆம் ஆண்டில் வந்த அதன் பிற்கால வடிவம் அவற்றை முப்பத்தொன்றாக்கியது. துடிப்பெண்ணும் எதிர்பார்த்தபடியே ஏறிற்று.

ஆயினும் கணினிக்குரிய செயற்றிட்டங்கள் நேர்கோட்டிற் செல்பவை அல்ல. "இவ்வாறாயின் இதனைச் செய், அன்றேல் அதனைச் செய்" என்று கிளைவழிகள் அடிக்கடி குறுக்கிடும். எந்தக் கிளை என்பது தெரியுமுன்னரே முறைவழியாக்கி ஊகித்துக்கொண்டு வேலையைத் தொடர்கின்றது. ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பலியாதபோது, வரிசையில் இருந்த கற்களையெல்லாம் கீழே போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும். வரிசை நீளுந்தோறும் வீணாகும் உழைப்பும் மிகும். எனவே, தொடக்ககாலப் பென்ரியம் 4, துடிப்பெண்ணில் முன்னின்றும், சில சோதனைகளிலே தன்னிலும் மெதுவான துடிப்புடைய பென்ரியம் 3இற்குப் பின்னே நின்றது.

ஏ.எம்.டி. மறுபக்கத்தில் ஓர் உபாயத்தைக் கையாண்டது. 2001ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியிட்ட அத்லன் எக்ஸ்பி வகைக்குத் துடிப்பெண்ணைப் பெயராக இடாமல், 1800+ என்பது போன்ற இலக்கங்களை இட்டது. அந்த 1800+ உண்மையில் 1.53 கிகாஹேர்ட்ஸ் துடிப்புடையது. ஒரு துடிப்பில் கூடுதலான வேலை செய்தமையால் இந்த இலக்கம் முற்றிலும் நியாயமற்றது என்று சொல்ல முடியாது. எனினும், வாங்குவோரின் எண்மயக்கத்தைத் தெளிவிப்பதற்குப் பதிலாக அதற்கு இணங்கிப் போன செயலே அது.

இன்ரெலின் வழியைத் தடுத்து நிறுத்தியது போட்டியாளர் அன்று, வெப்பம். துடிப்பை உயர்த்தினால் மின்செலவு உயரும். உயர்ந்த துடிப்புக்கு மின்னழுத்தத்தையும் உயர்த்த நேர்ந்தால், மின்செலவு அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நகக்கண்ணளவான பரப்பிலிருந்து நூறு உவாற்றுக்கு மேற்பட்ட வெப்பத்தை அகற்றுவது எளிதன்று. 2004ஆம் ஆண்டு ஒக்டோபரில், முன்னர் வாக்களித்த நான்கு கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4ஐ இன்ரெல் கைவிட்டது. அதன் தலைவர் கிரெய்க் பரெற், அதே மாதம் நடைபெற்ற மாநாடொன்றின் மேடையிலே முழந்தாளிட்டு, அதற்காக மன்னிப்புக் கேட்பதுபோல் நடித்துக் காட்டினார். அவ்வகையின் உச்சம் 3.8 கிகாஹேர்ட்ஸுடன் நின்றது. 2006ஆம் ஆண்டில் வந்த கோர் 2 டுவோ, அதனிலும் மிகக் குறைந்த துடிப்புடன் அதனைத் தெளிவாக வென்றது. 2023ஆம் ஆண்டு சனவரியில் இன்ரெலின் முறைவழியாக்கியொன்று ஆறு கிகாஹேர்ட்ஸை எட்டிற்று. அதாவது, பதினெட்டு ஆண்டுகளில் துடிப்பெண் இரட்டிப்பாகவும் இல்லை. இக்காலத்தில் கூடிய ஆற்றலின் பெரும்பகுதி வேறு வழிகளால் வந்ததே.

அவ்வழிகளுள் ஒன்று கருக்களின் பெருக்கம். ஒரே துண்டினுள் இரண்டு, நான்கு, எட்டு என முறைவழியாக்கிகள் பலவற்றை வைத்து, அவற்றைக் கருக்கள் என்கின்றனர். பதினாறு கருவுடையது எட்டுக் கருவுடையதிலும் இருமடங்கு விரைவானதா? 1967ஆம் ஆண்டில் ஜீன் அம்டால் என்பார் இதற்கான கணக்கை வகுத்துவிட்டார். ஒரு வேலையில் ஐந்தில் நான்கு பங்கு பலருக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடியது, எஞ்சிய ஒரு பங்கு ஒருவராலேயே செய்யக்கூடியது என்று வைத்துக்கொண்டால், நான்கு கருக்கள் அதனை இரண்டரை மடங்கு விரைவாக்கும். பதினாறு கருக்கள் நான்கு மடங்கு விரைவாக்கும். ஆயிரங் கருக்களை இட்டாலும் ஐந்து மடங்கை எட்டமாட்டா. கடிதம் எழுதுவதும் இணையத்தில் வாசிப்பதும் பெரும்பாலும் ஓரிரு கருக்களின் விரைவையே நம்பியிருக்கும் வேலைகள். திரைப்படத் துண்டுகளைத் தொகுத்து மாற்றியமைப்பவருக்கோ, ஒவ்வொரு கருவும் பணத்துக்குப் பலன் தரும். அன்றியும், 2021ஆம் ஆண்டின் இறுதி முதல் இன்ரெல் தனது மேசைக்கணினித் துண்டுகளிலே வலிய கருக்களையும் சிக்கனமான சிறு கருக்களையும் கலந்து வைக்கத் தொடங்கிற்று. பதினாறு என்று சொல்லப்படுவது எட்டும் எட்டுமாக இருக்கலாம்.

மற்றொரு வழி பதுக்கு நினைவகம். முறைவழியாக்கியின் விரைவுக்கு வெளியேயுள்ள நினைவகம் ஈடுகொடுப்பதில்லை. ஒரு தரவு வந்து சேரும்வரை நூற்றுக்கணக்கான துடிப்புக்கள் வீணே கழிதல் கூடும். ஆதலால், அடிக்கடி வேண்டியவற்றை அருகிலேயே வைத்திருக்கும் சிறு களஞ்சியம் துண்டினுள்ளேயே அமைக்கப்படுகின்றது. இதன் பயனைக் காட்ட ஏ.எம்.டி.யின் இரு துண்டுகளை அருகருகே வைத்து நோக்கலாம். றைசன் 5800எக்ஸ் 4.7 கிகாஹேர்ட்ஸ் வரை செல்வது. அதன் மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகம் 32 மெகாபைற்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி 4.5 கிகாஹேர்ட்ஸுக்கு மேற் செல்லாது. ஆனால் அதன் களஞ்சியம் 96 மெகாபைற்று. விளையாட்டுச் செயற்றிட்டங்கள் பலவற்றிற் பின்னையது முந்தியது. உருவங்களைக் கணித்து வரையும் வேலையிலோ முன்னையதே சற்று முந்தியது. இரண்டுக்கும் கருக்கள் எட்டே. இவற்றில் எது சிறந்தது என்ற வினாவுக்கு, எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்பதைவிட நேர்மையான விடை இல்லை.

ஆகவேதான் துறையறிந்தோர் உண்மையான செயற்றிட்டங்களை ஓடவிட்டு நேரத்தை அளந்து பார்க்கின்றனர். 1988ஆம் ஆண்டில் உற்பத்தியாளர் பலர் கூடி நிறுவிய ஸ்பெக் என்ற அமைப்பு இத்தகைய சோதனைத் தொகுதிகளை வெளியிட்டு வருகின்றது. உற்பத்தியாளர் தாமே வெளியிடும் வரைபடங்களைப் பார்க்கும்போது, அளவுகோல் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றதா என்பதை முதலிற் கவனித்துக்கொள்வது நல்லது. நூற்றுக்கு ஐந்து வீத வேறுபாட்டை மலையும் மடுவுமாகக் காட்டும் வித்தை அங்கேதான் நடைபெறுகின்றது.

இனி, விரைவிலும் முக்கியமானதாகப் பலமுறை நிரூபணமான மற்றொரு பண்பு பொருத்தப்பாடு. முறைவழியாக்கி ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அறிவுறுத்தல் மொழியை உடையது. ஒரு மொழிக்கு எழுதப்பட்ட செயற்றிட்டம் வேறொரு மொழியுடைய துண்டில் நேரடியாக ஓடாது. 1978ஆம் ஆண்டில் இன்ரெல் வெளியிட்ட 8086 என்ற துண்டின் மொழியே, அதன் உடன்பிறப்பான 8088ஐ ஐ.பி.எம். நிறுவனம் 1981ஆம் ஆண்டில் தனது தனியாள் கணினியிற் பொருத்தியதன் பயனாக, உலகெங்கும் பரவிற்று. ஒரே வழங்குநரை நம்பியிருக்க ஐ.பி.எம். விரும்பாமையால், 1982ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஏ.எம்.டி.யும் அதே மொழியிற் பேசும் துண்டுகளைச் செய்யும் உரிமை பெற்றது. இன்று கடைகளிலே இவ்விரு நிறுவனங்களின் பொருள்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பதற்கு அடிப்படை அந்த உடன்படிக்கையே.

இந்தப் பழைய மொழியை விட்டு விலகுவதற்கு இன்ரெல் தானே முயன்று தோற்ற கதை பெரிது. 1994ஆம் ஆண்டில் ஹியூலெற் பக்காட் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, 64 பிற் அளவில் முற்றிலும் புதியதோர் அமைப்பை வகுக்க அது முற்பட்டது. எந்தெந்த அறிவுறுத்தல்களை ஒருங்கே செய்யலாம் என்று முறைவழியாக்கி ஓடும்போதே ஆராயும் பொறுப்பை, செயற்றிட்டத்தை முன்கூட்டியே மொழிமாற்றும் தொகுப்பிக்கு ஒப்படைப்பது அதன் தத்துவம். கடதாசியில் அழகான எண்ணம். 2001ஆம் ஆண்டில் ஐற்றேனியம் என்ற பெயரில் அது வெளிவந்தபோது, எதிர்பார்க்கப்பட்ட திறமையுடைய தொகுப்பிகள் உருவாகியிருக்கவில்லை. உலகிற் குவிந்து கிடந்த பழைய செயற்றிட்டங்களோ அதன்மேல் மிக மந்தமாக ஊர்ந்தன. வாங்குவோரின் நிலையில் நின்று பார்த்தால், புதிய பொறியுடன் புதிய செயற்றிட்டங்கள் அனைத்தையும் வாங்க வேண்டும், அன்றேல் பழையவற்றை முன்னையிலும் மெதுவாக ஓட்ட வேண்டும் என்ற நிலை.

ஏ.எம்.டி. வேறு வழியை மேற்கொண்டது. பழைய மொழியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் 64 பிற்றுக்கு வேண்டிய சொற்களை மாத்திரம் சேர்த்தது. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த ஒப்ரரன் பழைய செயற்றிட்டங்களை முழு விரைவுடன் ஓட்டிற்று, புதியவற்றையும் ஏற்றது. மைக்ரோசொப்ற் நிறுவனம் இதற்கு ஆதரவளித்தது. 2004ஆம் ஆண்டில், தான் வகுத்த மொழியைத் தன் போட்டியாளர் திருத்திய வடிவில் இன்ரெல் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஐற்றேனியம் சில பெருநிறுவனங்களிலே நெடுங்காலம் உயிர்பிழைத்திருந்து, 2021ஆம் ஆண்டில் விநியோகம் நிறுத்தப்பட்டது.

மொழியை மாற்றுவது இயலாத காரியம் என்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. அப்பிள் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் பவர்பிசி மொழியிலிருந்து இன்ரெலுக்கும், 2020ஆம் ஆண்டு நவம்பரில் இன்ரெலிலிருந்து ஆம் வழிவந்த தனது எம்1 துண்டுக்கும் மாறிற்று. பழைய செயற்றிட்டங்களைப் புதிய மொழிக்குப் பெயர்க்கும் றொசெற்றா என்ற இடைத்தரகனை அது இருமுறையும் உடன் அனுப்பிற்று. பொறியும் இயக்கமுறைமையும் ஒரே கையில் இருந்தமையால் அதற்கு இது கைகூடிற்று.

மொழி ஒத்தாலும் குதை ஒவ்வாதிருக்கலாம். முறைவழியாக்கி தாய்ப்பலகையிலுள்ள ஒரு குதையில் அமர்கின்றது. 2015ஆம் ஆண்டில் இன்ரெல் 1151 தொடுமுனைகளைக் கொண்ட குதையொன்றை அறிமுகஞ் செய்தது. 2017ஆம் ஆண்டின் எட்டாந் தலைமுறைத் துண்டுகளும் அதே அளவு, அதே தொடுமுனை எண்ணிக்கை. ஆனால் பழைய பலகையில் அவற்றை இயக்க இன்ரெல் இடமளிக்கவில்லை. கண்ணாற் பார்த்து இது பொருந்தும் என்று வாங்கியவர் ஏமாந்தார். ஏ.எம்.டி.யின் ஏஎம்4 குதையோ 2017ஆம் ஆண்டின் முதல் றைசனிலிருந்து மேற்சொன்ன 5800எக்ஸ்3டி வரை நீடித்தது. அங்கும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், வரவிருந்த துண்டுகள் முந்திய பலகைகளில் இயங்கமாட்டா என்று ஏ.எம்.டி. அறிவித்தது, வாங்கியோரின் எதிர்ப்புப் பலமாக எழவே, அதே மாதத்திலே அந்த முடிவைத் தளர்த்திற்று. எதுவாயினும், பலகை செய்தவர் வெளியிடும் ஆதரவுப் பட்டியலிலே குறித்த துண்டின் பெயரும், அதற்கு வேண்டிய பயோஸ் பதிப்பும் உள்ளனவா என்று பார்க்காமற் பணத்தைக் கொடுப்பது தகாது. நினைவகத்திலும் இவ்வாறே, டிடிஆர்4 வகைத் தகடு டிடிஆர்5 குழியிற் புகாது.

பெறுமதியைக் கணக்கிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு துண்டின் விலை 50,000 ரூபா, மற்றதன் விலை 90,000 ரூபா, பின்னையது நூற்றுக்கு முப்பது வீதம் விரைவானது என்று வைத்துக்கொள்வோம். துண்டை மாத்திரம் நோக்கினால் பின்னையது நட்டமான வியாபாரம். விலை எண்பது வீதம் கூட, பலன் முப்பது வீதமே. ஆயின் துண்டு தனியே வேலை செய்வதில்லை. பலகை, நினைவகம், திரை முதலியவற்றுக்கு எப்படியும் 200,000 ரூபா வேண்டுமெனின், மொத்தச் செலவு 250,000க்கு எதிர் 290,000. பதினாறு வீதம் கூடக் கொடுத்து முப்பது வீதம் பெறுவது நல்ல பேரமே. பலகையும் நினைவகமும் முன்பே கையில் இருப்பவருக்கு இக்கணக்கு மீண்டும் தலைகீழாகும். அந்த முப்பது வீதத்தைப் பயன்படுத்தும் வேலையே இல்லாதவருக்கு இரண்டு கணக்கும் வேண்டியதில்லை.

மின்செலவையும் மறத்தலாகாது. நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் முழுச் சுமையுடன் இயங்கும் பொறியிலே நூறு உவாற்று கூடுதலாகச் செலவாகுமாயின், ஆண்டுக்கு 292 அலகு மின்சாரம் ஆகும். பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும் கட்டண முறையுள்ள இலங்கை வீடுகளில் இது சிறிய தொகையன்று.

பழைய பொருள்களை வாங்குவோர் பெயர்களிலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஐ7 என்ற பெயர் ஐ3 என்பதிலும் உயர்ந்தது என்பது ஒரே தலைமுறைக்குள்ளேதான் செல்லும். 2011ஆம் ஆண்டின் ஐ7-2600, 2022ஆம் ஆண்டின் ஐ3-12100 ஆகிய இரண்டுக்கும் கருக்கள் நான்கே. அடிப்படைத் துடிப்பிற் பழையதே 3.4க்கு 3.3 என்று சற்று உயர்ந்து நிற்கின்றது. எனினும், விரைவில் ஐ3 அதனை மிகத் தூரம் பின்தள்ளிவிடும்.

வயதின் கணக்கு எவ்வளவு கடுமையானது என்பதைச் சமீபகால நிகழ்ச்சியொன்று காட்டிற்று. 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, இன்ரெல் துண்டுகளிலே பெரும்பாலும் எட்டாந் தலைமுறையிலிருந்தே ஆதரவளிக்கின்றது. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி முடிவுற்றது. ஏழாந் தலைமுறையின் தலைசிறந்த மேசைத் துண்டாகிய ஐ7-7700கே 2017ஆம் ஆண்டு சனவரியில் 339 டொலர் விலையில் வந்தது. அஃது ஆதரவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் 117 டொலருக்கு வந்த ஐ3-8100 இடம்பெற்றது. ஒன்பது மாதம் முந்தி ஏறக்குறைய மூன்று மடங்கு விலை கொடுத்தவரின் துண்டு இன்றும் குறைவின்றி இயங்கக்கூடியதே. பலவகை வேலைகளில் அந்த ஐ3ஐ வெல்லவும் வல்லது. அதனைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புவோர் பலர் விண்டோஸைக் கைவிட்டு, பழைய துண்டுகளையும் ஏற்றுக்கொள்ளும் லினக்ஸ் இயக்கமுறைமையை நிறுவிக்கொள்கின்றனர்.